மெத்தனம் காலில் தெரியும்

கண்மாய்க் கரை பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் லஸ்கர் தம்பிகளுக்கு,

உங்களுக்கெல்லாம் இலாகாவில் சைக்கிள் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். கரை மேல் மணி அடித்துக்கொண்டு போகிறீர்களாம். ஆடு மாடு விலகும், நல்லதுதான். கரையில் ஊற்றுக் கண் திறந்தால் அது மணிச் சத்தத்துக்கு விலகாது. அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். மேலதிகாரி அவருக்கு ஒரு மெமோ கொடுத்திருக்கிறார். அதில் 'பணியில் மெத்தனம்' என்று எழுதியிருக்கிறது. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லையே ஐயா, மெத்தனம் என்றால் என்ன என்று கேட்டார். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வாயால் சொன்னால் பாதி நேரம் இருமலில் போய்விடும்.

அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் ஒரு மெமோ வந்திருக்கிறது. இப்போதும் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். வடுகபட்டியில் ஐந்தாம் வகுப்புப் பாதி வரை படித்தேன். மீதிப் பாதியை வாத்தியாரே வைத்துக்கொண்டார். பிறகு கூடலூரில் வண்டிப்பேட்டையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினேன். அங்கிருந்து குமுளி மலையேறி ஏலத்தோட்டத்தில் களை வெட்டினேன். குளிர்காய்ச்சல் வந்தது. இரண்டு பேர் என்னைக் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்து கம்பத்தில் ஒரு சத்திரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். பிழைத்துக்கொண்டேன். போடிக்கு ரயில் பாதை போட்டபோது ஜல்லி சுமந்தேன். யுத்தத்தின்போது அந்தப் பாதையையே பிடுங்கினார்கள். பிடுங்கவும் ஆள் எடுத்திருப்பார்கள், ஆனால் அதற்குள் நான் லஸ்கர் ஆகிவிட்டேன். அதுவரை ஓர் இடத்தில் ஒரு வருஷம் தங்கியவன் இல்லை. கரை வேலை மட்டும் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், அதில் நடந்துகொண்டே இருக்கலாம். நடப்பதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

உத்தமபாளையத்துக்குக் கிழக்கே ஒரு கண்மாய். பெயர் வேண்டாம். அங்கே இப்போதும் ஒரு லஸ்கர் இருக்கிறார், அவர் மனம் கோணக்கூடாது. எனக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த கூடலூர்க்காரர் ஒருவர் மழைக்கு என் குடிசையில் ஒதுங்கினார். கண்மாய் மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டேன். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது தன் பழைய பூட்ஸ் ஜோடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு ஊருக்கு நடந்தார்.

பூட்ஸ் என் காலுக்கு இரண்டு விரற்கடை பெரியது. போடிப் பக்கத்து இலவம் பஞ்சு வாங்கி உள்ளே அடைத்துக்கொண்டேன். எங்கள் ஓவர்சியரே தோல் செருப்புத்தான் போட்டிருந்தார். லஸ்கர் காலில் பூட்ஸ் என்றால் யோசித்துப் பாருங்கள்.

அதைப் போட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது. இதை நீங்கள் நம்ப வேண்டும். காலையும் மாலையும் இரண்டு தடவை கரை பார்த்தவன் நான்கு தடவை பார்க்கத் தொடங்கினேன். பீடியை விட்டேன். வழியில் நின்று பேசுவதை விட்டேன். சிரிப்பதையும் விட்டேன். பூட்ஸோடு சிரித்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியது.

அந்தச் சமயம், மிஞ்சிய நீர் வழியும் கலுங்குப் பக்கம் மண்வேலைக்கு ஒரு கூட்டம் வந்திருந்தது. ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர். அவர்களுக்குத் தலைவி ஓர் அம்மாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். பெயரை எழுதவில்லை. எழுத்தில் தன் பெயரைப் பார்த்தால் அதையும் கேலி செய்யக்கூடியவர் அவர். பொழுது விடிந்து பொழுது சாயும் வரை அந்தக் கூட்டத்தில் சிரிப்புத்தான். மண் வெட்டுகிறவன் கூடை சுமக்கிறவளைக் கேலி செய்வான். அவள் அவன் மாமியாரைக் கேலி செய்வாள். தலைவி எல்லோரையும் கேலி செய்வார். நான் போய் நின்றால் எனக்கும் ஒரு பங்கு கிடைக்கும். எனக்குப் 'பூட்ஸுத் தொரை' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"ஏலே, சத்தம் போடாதீக," என்பார். "தொரை நடக்குறாக. கரை அமுங்கிரும்."

பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு எனக்கு சலாம் போடுவார்கள். நான் விறைப்பாக நடந்துபோய்விடுவேன். இப்படிச் சிரித்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள் கட்டும் கரை எப்படி நிற்கும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன்.

அந்த அம்மாளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மத்தியானக் கஞ்சிக்கு முன்னால், கரையின் வெளிப்பக்க அடிவாரத்தை ஒட்டி ஒரு நடை போய்வருவார். கையில் ஒன்றும் இருக்காது. ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு, வேலையில்லாதவர் போல மெதுவாக நடப்பார். திரும்பி வந்து, "அந்தப் புளிய மரத்துக்கு நேரா மெத்தனமா இருக்கு, ரெண்டு கூடை போட்டு மிதிங்க" என்பார். அது அவர் வேலையே இல்லை. அவருடைய வேலை கலுங்கோடு சரி.

நான்தான் படித்தவனாயிற்றே. ஒரு நாள் அவரைத் திருத்தினேன். மெத்தனம் என்பது மண்ணுக்குச் சொல்லும் வார்த்தை இல்லை, வேலையில் அக்கறை இல்லாத மனுஷனுக்குச் சொல்வது, ஓவர்சியர் எழுதுகிற காகிதத்தில் அப்படித்தான் வரும் என்று விளக்கினேன்.

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அப்படியா தொரை? மண்ணுன்னா மிதிச்சுப் பாத்துச் சொல்லிரலாம். மனுசன எங்கன அமுக்கிப் பாக்குறது?" என்றார். கூட்டம் சிரித்தது. நான் என் நான்காவது நடைக்குப் புறப்பட்டேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தது. கரைக்கு நேர் கீழே ஒரு ராவுத்தருடைய வயல். அவர் பிள்ளைகள் ரங்கூனில் மாட்டிக்கொண்டு கடிதம் இல்லாமல் இருந்தார்கள். வீட்டில் அவரும் மனைவியும், இரண்டு மருமகள்களும், பேரப்பிள்ளைகளும். அத்தனை பேருக்கும் அந்த வயல் ஒன்றுதான் சோறு. நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது, நான்கு நாளில் அறுப்பு. மடையைத் திறந்தால் தண்ணீர் போகும் வாய்க்கால் மண் மூடிக் கிடந்தது, கொஞ்சம் கூடுதலாக விட்டால் பொங்கி அவர் வயலுக்குள்தான் பாயும். அதனால் அவர் ஓவர்சியரிடம் போய்க் கேட்டு, அறுப்பு முடியும் வரை மடையைத் திறக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு வாங்கியிருந்தார். அந்தக் காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. மடை ஷட்டரின் சாவி என் இடுப்பில் இருந்தது.

ஒரு நாள் காலையில் ராவுத்தர் கரையேறி வந்தார். வயலின் மேல் வரப்பு ஓரம் சதசதவென்று இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள் தம்பி என்றார். உடனே அவரோடு இறங்கிப் போனேன். பூட்ஸ் காலால் இங்கே ஒரு மிதி, அங்கே ஒரு மிதி மிதித்தேன். எல்லாம் கெட்டியாகத்தான் தெரிந்தது.

"மழைத் தண்ணி தேங்கியிருக்கு ராவுத்தரய்யா. நான் நாலு தடவ பாத்துட்டேன்," என்றேன்.

அவர் என் பூட்ஸைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிதான் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு காலம் அது எனக்கு ஞாபகம் இருந்திருக்காது.

மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. மத்தியானம் நான் கரை மேல் நடந்துகொண்டிருந்தேன். கீழே அந்த அம்மாள் பாட்டோடு வந்துகொண்டிருந்தார். ராவுத்தர் வயலுக்கு நேராக வந்ததும் பாட்டு நின்றது. அத்தனை நாளும் அந்தப் பாட்டு எனக்கு எரிச்சலாக இருந்தது. நின்றபோதுதான் நானும் நடையை நிறுத்திக் கீழே பார்த்தேன்.

"தொரை, கீழ வாங்க," என்றார். "அதைக் கழத்திட்டு வாங்க."

கேலி செய்யும் குரலாக இல்லை. மழையில் நனைந்த பூட்ஸ் நாடா இறுகிக் கிடந்தது. முடிச்சோடு மல்லுக்கட்டிக் கழற்றினேன். வெறுங்காலோடு இறங்கிப் போய் அவர் காட்டிய இடத்தில் கால் வைத்தேன். பிசைந்த மாவில் வைத்ததுபோலக் கால் உள்ளே போயிற்று. எடுத்ததும் தடம் தானாகவே மூடிக்கொண்டது.

"தண்ணி எப்படி இருக்கு?" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். குளிர்ச்சியாக இருந்தது. வெயிலில் கிடக்கும் மழைத் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். இது கண்மாயின் அடித் தண்ணீர். கரையைத் துளைத்துக்கொண்டு வருகிறது. முந்தின நாள் நான் மழைத் தண்ணீர் என்று சொன்னதும் இதைத்தான். பூட்ஸுக்குள் பஞ்சு மெத்தை போட்டுக்கொண்டு நின்றவனுக்கு மண் இளகியதும் தெரியவில்லை, நீர் குளிர்ந்ததும் தெரியவில்லை.

அந்த அம்மாள் ஊறிய நீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். தெளிவாக இருந்தது. பத்தடி தள்ளி இன்னோர் இடத்தில் அள்ளினார். அது செம்மண் நிறத்தில் இருந்தது. தெளிந்த நீர் கசிந்தால் நாள் கணக்கில் நேரம் இருக்கிறது. கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளிருந்து கரைந்து வருகிறது என்று அர்த்தம். அப்போது மணிக் கணக்குத்தான்.

அவர் ஒரு குரல் கொடுத்தார். கலுங்குப் பக்கமிருந்து கூட்டம் ஓடிவந்தது. ஊற்றுக் கண்ணைச் சுற்றிக் கிணற்றுச் சுவர்போல வட்டமாக மணலும் கல்லும் போட்டு உயர்த்தச் சொன்னார். உள்ளே நீர் ஏற ஏற ஊற்றின் வேகம் தணியும். ஆனால் அது மட்டும் போதாது, கண்மாயின் நீரும் இறங்க வேண்டும், மடையைத் திறங்கள் என்று என்னிடம் சொன்னார்.

நான் சட்டைப் பையைத் தொட்டேன். உத்தரவு இருக்கிறது. ஓவர்சியர் தேனியில் இருக்கிறார், பஸ்ஸில் ஆள் அனுப்பினால் பொழுது சாய்வதற்குள் பதில் வந்துவிடும் என்றேன்.

"சரி. அவுக வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லிக் கம்மாய்கிட்டச் சொல்லிட்டுப் போங்க," என்றார்.

அதற்குள் ராவுத்தர் வயல் வழியாக ஓடிவந்துவிட்டார். அவருக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. நான் அவரிடம் போனேன். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நான் செய்தவற்றில் பூட்ஸைவிடப் பெரிய தப்பு இதுதான். மடையைத் திறந்தால் உங்கள் வெள்ளாமை போய்விடும், திறக்காவிட்டால் கரை நிற்குமா என்று தெரியவில்லை, என்ன செய்யலாம், நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் திரும்பி வயலைப் பார்த்தார்.

அந்த அம்மாள் மண் கூடையோடு என் முன்னால் வந்து நின்றார்.

"அவரக் கேக்காதீக. தன் வெள்ளாமையத் தானே தண்ணிக்குள்ள தள்ளச் சொல்லி ஒரு மனுசனக் கேப்பாகளா? சாவி ஒங்க இடுப்புல இருக்கு."

மடைக்கு ஓடினேன். பூட்டைத் திறந்து ஷட்டரைச் சுற்றினேன். பாதிச் சுற்றில் நிறுத்தினால் பாதி வயலாவது பிழைக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. பாதி திறந்த மடை வயலையும் கெடுக்கும், கரையையும் காப்பாற்றாது. கடைசி வரை சுற்றினேன். வாய்க்கால் ஒரு பனை தூரம்தான் தாங்கியது. பிறகு பொங்கி, வரப்பை உடைத்துக்கொண்டு நெல்லுக்குள் போயிற்று. பாய் சுருட்டுவதுபோல நெல் வரிசை வரிசையாகச் சாய்ந்தது.

ராவுத்தர் முதல் வரிசை சாயும் வரை நின்று பார்த்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழே கிடந்த ஒரு கூடையை எடுத்து மண் வெட்டுகிறவர்களின் வரிசையில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் நான் நின்றேன். அவர் கொடுத்த கூடையை வாங்கினேன், காலிக் கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு தடவையும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் வட்டத்துக்குள் நீர் தெளிந்தது. அந்த அம்மாள் கரையடியில் கால் வைத்து அழுத்திப் பார்த்தார். இன்னும் நான்கு எட்டு நடந்து அழுத்திப் பார்த்தார். பிறகு பாட்டை விட்ட இடத்திலிருந்து முனக ஆரம்பித்தார். கரை நின்றுவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது. என் பூட்ஸைத் தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. மற்றது யாரோ அள்ளிய கூடையில் மண்ணோடு மண்ணாக அந்த வட்டத்துக்குள் போய்விட்டது.

"கவலப்படாதீக தொரை. அது உள்ள இருந்து கரை பாத்துக்கிரும்," என்றார்.

மறுநாள் கூட்டம் முழுவதும் கலுங்கு வேலையை விட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று ராவுத்தரின் நெல்லை அறுத்தது. நானும் அறுத்தேன். மேட்டுப் பக்கம் தேறியது. பள்ளத்துப் பக்கம் கதிரிலேயே முளைவிட்டுவிட்டது. அந்த வருஷம் அந்த வீட்டில் ஒரு வேளைக்குக் கம்பங்கூழ்தான்.

அதற்கடுத்த நாள் ஓவர்சியர் வந்தார். பூட்ஸ் உட்பட எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கரையடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். மடையைத் திறந்தது சரி, அதற்கு முந்தின நாள் நடந்தது சரியில்லை, இரண்டையும் எழுதுகிறேன் என்றார். அப்படியே எழுதினார். அதுதான் என் பெட்டியில் இருக்கும் மெமோ. இரண்டாம் வரியில் மெத்தனம் இருக்கிறது.

வெகுநாள் கழித்து உத்தமபாளையத்தில் ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் இந்த வார்த்தையைப் பற்றிக் கேட்டேன். மெத்து என்றால் மென்மை, மெத்தென்று இருப்பது மெத்தனம் என்றார். முதலில் தொட்டால் தெரிகிற மென்மைக்குத்தான் அந்தச் சொல், பிறகு சாதுவான குணத்துக்கு வந்தது, பிறகு மந்தத்துக்கு, அக்கறையின்மைக்கு வந்தது கடைசியில்தானாம். அதாவது மண்ணுக்குச் சொன்ன அந்த அம்மாள்தான் பழைய வழக்கைப் பேசியிருக்கிறார். காகிதத்தில் படித்த நான் அவரைத் திருத்தியிருக்கிறேன். போய்ச் சொல்லலாம் என்று பார்த்தேன். கூட்டம் அதற்குள் பெரியகுளம் பக்கம் போய், அங்கிருந்து வேறெங்கோ போய்விட்டிருந்தது.

மெமோ வாங்கிய தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். மெத்தனம் என்றால் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு, நான் சோம்பேறி இல்லையே என்று அழாதீர்கள். நானும் சோம்பேறியாக இல்லை. நான்கு தடவை நடந்தேன். சிரிப்பையும் குற்றம் சொல்லாதீர்கள். அந்தக் கரையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் விழிப்பாக இருந்தார்கள், சிரிக்காதவன் நான் ஒருவன்தான். மனுஷனை எங்கே அமுக்கிப் பார்ப்பது என்று அந்த அம்மாள் கேட்டாரே, அதற்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். 'நாலு தடவ பாத்துட்டேன்' என்று அவன் சொல்கிற இடத்தில் அமுக்கிப் பார்க்க வேண்டும்.

ராவுத்தர் அடுத்த நடவு வரை என்னோடு பேசவில்லை. ஆனால் தினமும் காலையில் கரையேறி வருவார். குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடப்பார். பிறகு இறங்கிப் போய்விடுவார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் துணிந்து, என்ன தேடுறீக என்று கேட்டேன்.

"ஒங்க கால் தடத்தத்தான் தம்பி. அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கான்னு பாப்பேன். இருந்தா வயலுக்குப் போயிருவேன். இல்லாட்டி ஒங்களத் தேடி வருவேன்," என்றார்.

அவர் கண்ணை மூடும் வரை என்னைத் தேடி வரவில்லை.

போன வாரம் அந்தக் கரைக்குப் போய்வந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரையின் நீளத்துக்கும் சைக்கிள் தடம் கோடு கிழித்ததுபோல ஓடியது. நானும் ராவுத்தரைப் போலக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். என் பூட்ஸ் புதைந்து கிடக்கும் இடத்துக்கு நேராக வந்தபோது கோடு நின்றது. அங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்த அடையாளம் இருந்தது. அங்கிருந்து கரையடி வரை இறங்கிப் போய்த் திரும்பிய வெறுங்கால் தடங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்கள்.

உங்களில் யார் என்று நான் விசாரிக்கவில்லை. அவருக்கு இந்தக் கடிதம் தேவையில்லை, மடித்து வைத்துவிடலாம். மற்றவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படியுங்கள்.